ஆங்கிலம் கற்பிக்க அயல்நாடு சென்றோர்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தவர்கள் நாம். ஆதலின், வேலை தேடிச் செல்வோரின் வரலாறு நமக்குப் பிறர் கதையன்று. தோட்டத் தொழிலாளரும் வணிகரும் கணக்கரும் மருத்துவரும் கடல் கடந்து சென்ற வரலாற்றை நாம் பலமுறை படித்திருக்கிறோம். ஆயின், கையில் கருவி ஏதுமின்றி, ஒரு மொழியை மட்டுமே மூலதனமாகக் கொண்டு அயல்நாடு சென்ற ஒரு கூட்டத்தாரைப் பற்றி நாம் மிகுதியும் பேசியதில்லை. அவர்களே ஆங்கில ஆசிரியர்கள்.

ஆங்கில இலக்கியம் பயின்று பட்டம் பெற்ற மகனோ மகளோ மருமகளோ உள்ள வீடுகளில் இன்று ஒரு வினா எழுகிறது. “ஆங்கிலம் கற்பிக்கும் வேலை வெளிநாட்டில் கிடைக்குமா?” என்பதே அது. இதற்கு இரு விடைகள் உடனே வரும். “வெள்ளைக்காரன் இருக்க நம்மை யார் கூப்பிடுவார்கள்?” என்பார் ஒருவர். “ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும், அள்ளிக் கொடுப்பார்கள்” என்பார் மற்றொருவர். முதல் விடையில் தாழ்வு மனப்பான்மை உண்டு. இரண்டாவதில் அறியாமை உண்டு. இரண்டில் எதையும் வரலாறு ஏற்கவில்லை. அவ்வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

சிறைக்கூடமே பள்ளிக்கூடம்

ஆங்கில ஆசிரியருக்கு அயல்நாட்டில் உண்டான தேவையைத் தெளிவாகக் காட்டும் நாடு ஜப்பான். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்நாடு ஐரோப்பியருக்குத் தன் கதவை அடைத்திருந்தது. டச்சு வணிகருக்கு மட்டும் நாகசாகித் துறைமுகத்தில் ஒரு சிறு தீவில் இடம் தந்திருந்தது. 1808இல் ‘ஃபீட்டன்’ என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் நாகசாகித் துறைமுகத்துள் அத்துமீறிப் புகுந்து அச்சுறுத்தியது. அதன் பின்னரே ஜப்பானிய ஆட்சியாளர் தம் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலம் கற்க வேண்டும் என ஆணையிட்டனர். கற்பித்தவர் யார்? ஆங்கிலேயர் அல்லர். யான் காக் பிளோம்ஹோஃப் என்னும் டச்சுக்காரர். அவர் துணையால் உருவான ஆங்கிலச் சொற்றொகுதிகளே ஜப்பானில் எழுந்த முதல் ஆங்கிலப் பாடநூல்கள் எனலாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர், ஆங்கிலமே அறியாத நாட்டுக்கு அதைக் கற்பித்தார் என்பது இக்கட்டுரையின் தொடக்கத்திலேயே நம் நினைவில் நிற்க வேண்டிய செய்தி.

ஆங்கிலத்தைப் பிறவி மொழியாகப் பேசிய ஆசிரியர் அந்நாட்டிற்கு வந்தது ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழிந்த பின்னரே. அவர் ரானால்டு மெக்டொனால்டு. 1824இல் வட அமெரிக்காவின் மேலைக் கரையில் பிறந்தவர். தந்தை ஸ்காட்லாந்துக்காரர், தாய் சினூக் பழங்குடித் தலைவர் ஒருவரின் மகள். 1848இல் திமிங்கல வேட்டைக் கப்பல் ஒன்றிலிருந்து சிறு படகில் இறங்கித் தன்னந்தனியே ஜப்பானின் வடகோடித் தீவொன்றில் கரையேறினார். அத்துமீறி நுழைந்தவர் எனப் பிடிக்கப்பட்டு நாகசாகிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே காவலில் இருந்த மாதங்களில் பதினான்கு மொழிபெயர்ப்பாளர்கள் அவரிடம் ஆங்கிலம் பயின்றனர். அவர்களுள் ஒருவரான மொரியாமா எய்னோசுகே, 1854இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெர்ரியுடன் ஜப்பான் உடன்படிக்கை செய்துகொண்டபோது உடனிருந்து மொழிபெயர்த்தார். மெக்டொனால்டோ 1849இலேயே அமெரிக்கக் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டுவிட்டார். ஊதியம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, சிறைக்கூடமே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

ஊதியமும் ஒப்பந்தமும்

1868இல் மெய்ஜி ஆட்சி மலர்ந்ததும் காட்சி மாறியது. மேலைநாட்டுக் கல்வியை விரைந்து பெற விரும்பிய அரசு, அயல்நாட்டு வல்லுநரை மிகுந்த ஊதியத்தில் அமர்த்தியது. அவர்களுள் இலக்கிய உலகம் நன்கறிந்தவர் லஃப்காடியோ ஹெர்ன். அயர்லாந்துத் தந்தைக்கும் கிரேக்கத் தாய்க்கும் கிரேக்கத் தீவொன்றில் 1850இல் பிறந்த அவர், 1890இல் ஜப்பான் வந்து மட்சுயே நகரப் பள்ளியில் ஆங்கில ஆசிரியரானார். திங்கள் ஊதியம் 100 யென். அடுத்த ஆண்டு குமாமோட்டோவில் அது 200 யென் ஆயிற்று. 1896இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அதே ஆண்டில் ஜப்பானியக் குடியுரிமை பெற்றுக் கொய்சுமி யாகுமோ என்று பெயரும் மாற்றிக்கொண்டார். அந்நாட்டின் பழங்கதைகளை உலகறியச் செய்தார். ஆயினும் 1903இல் அவர்தம் பல்கலைக்கழகப் பணி முடிவுக்கு வந்தது. மறு ஆண்டு காலமானார்.

அவரிடத்திற்கு வந்தவர்களுள் ஒருவர் நட்சுமே சோசெகி. ஜப்பானிய நாவல் உலகின் பெருந்தலைவர் என்று பின்னாளில் போற்றப்பட்டவர். இவரும் ஆங்கில ஆசிரியரே. 1895இல் மட்சுயாமா என்னும் சிற்றூர்ப் பள்ளியில் 80 யென் ஊதியத்தில் பணியாற்றினார். அப்பள்ளித் தலைமையாசிரியரின் ஊதியமோ 60 யென்தான். ஆங்கிலத்திற்கு அக்காலத்தில் இருந்த விலை இதனால் விளங்கும். 1900இல் அரசு அவரை ஆங்கிலம் பயில இலண்டனுக்கு அனுப்பியது. திரும்பி வந்தவரை ஹெர்ன் நின்ற மேடையில் நிறுத்தியது.

இந்நிகழ்ச்சியை நன்றி மறத்தல் என்று மட்டும் காண்பது பொருந்தாது. ஜப்பானிய அரசின் திட்டமே அதுதான். அயல்நாட்டாரை அழைத்தல், அவரிடம் கற்றல், கற்றவரை வெளிநாட்டுக்கு அனுப்பித் தேர்ச்சி பெறச் செய்தல், பின்னர் அவரைக் கொண்டே தன் பள்ளிகளை நடத்துதல். விவேகமுள்ள எந்த நாடும் இதையே செய்யும். அயல்நாட்டு ஆசிரியர் தம் பணியை எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அவ்வளவு விரைவில் தாம் வேண்டாதவராகிறார். இவ்வுண்மை தெரிந்து செல்பவர் மனம் நோவதில்லை.

ஆசிய வகுப்பறைகளில் பிறந்த முறைகள்

ஆங்கிலம் கற்பிக்கும் கலை இலண்டனில் பிறந்து உலகெங்கும் பரவியது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அக்கலையின் பெருநூல்கள் பல ஆசியாவில் பிறந்தவை. ஹெரால்டு பாமர் 1922இல் ஜப்பானியக் கல்வித் துறைக்கு மொழியியல் ஆலோசகராக வந்தார். 1923இல் டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்தலை ஆராயும் நிலையம் ஒன்றை நிறுவி 1936 வரை அங்கே உழைத்தார். 1924இல் ஜப்பானுக்கு ஆசிரியராக வந்த ஏ. எஸ். ஹார்ன்பி, அங்கு மாணவர் தடுமாறும் இடங்களை நேரில் கண்டு, இருவர் துணையுடன் ஓர் அகராதி தொகுத்தார். அது 1942இல் டோக்கியோவில் அச்சாயிற்று. 1948இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் அதை மறுபதிப்பாக வெளியிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளின் மேசையில் இருக்கும் ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதியின் மூதாதை அதுவே.

நம் நாட்டிலும் அவ்வாறே. டாக்கா ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளச் சிறுவர் இரு மொழிகளுக்கிடையே கற்கும் வகையை ஆராய்ந்து 1926இல் ஒரு நூல் வெளியிட்டார். எளிய சொற்களில் வாசிப்பு நூல்கள் எழுதுதல், இன்றியமையாத சொற்களைக் கணக்கிட்டுப் பட்டியலிடுதல் ஆகியவற்றுக்கு அவர் வழிகாட்டினார். 1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலம் 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் புதுமுறையில் பயிற்சியளிக்க முனைந்தது. சிலர் முதலிற் பயின்று பலரைப் பயிற்றுவது, அப்பலர் மேலும் பலரைப் பயிற்றுவது என்பது அத்திட்டம். உருண்டு பெருகும் பனிப்பந்தின் பெயரால் அதை ஆங்கிலக் கல்வி இதழ்கள் குறித்தன. 1958இல் ஐதராபாதில் ஆங்கிலத்திற்கென மைய நிறுவனம் தோன்றியது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள எளிய பள்ளிகளில் செய்த சோதனை, இலக்கண விதிகளை ஒப்பிக்கச் செய்யாமல், ஒரு வேலையைக் கொடுத்து அதை முடிக்கும் போக்கிலேயே மொழியைக் கற்கச் செய்யும் முறையை உலகுக்குக் காட்டியது. பின்னர் அவர் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று பணியாற்றினார்.

இவற்றைச் சொல்வது பெருமை பேசுதற்கன்று. ஆங்கிலம் தெரியாத குழந்தையின் முன் நின்ற அனுபவமே இக்கலையின் ஊற்று என்பதைக் காட்டுதற்கே. அவ்வனுபவம் நம் ஆசிரியர்க்குப் புதிதன்று.

எத்தியோப்பியாவும் இந்திய ஆசிரியரும்

அயல்நாட்டில் ஆங்கிலம் கற்பித்த தமிழர் மரபைச் சொல்லும்போது வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரை மறத்தல் இயலாது. மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியராயிருந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக உயர்ந்தவர் அவர். ஆங்கிலேயரும் வியந்த ஆங்கிலம் அவருடையது. 1927இல் இந்திய அரசின் முதற்பேராளராகத் தென்னாப்பிரிக்கா சென்றபோது, 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட நம்மவரின் பேரப்பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி இல்லாமையைக் கண்டார். அங்குள்ள இந்தியரிடமே நிதி திரட்டி டர்பனில் ஒரு கல்லூரி எழ வழி செய்தார். 1929இல் திறக்கப்பட்ட சாஸ்திரி கல்லூரிக்கு இந்தியாவிலிருந்து பட்டதாரி ஆசிரியர்கள் வரவழைக்கப்பட்டனர். 

எனினும் இந்திய ஆசிரியர் பெருந்தொகையாகச் சென்ற முதல் நாடுகளுள் ஒன்று எத்தியோப்பியா. அதன் காரணம் உள்ளத்தை உருக்குவது. 1935இல் இத்தாலி அந்நாட்டின் மீது படையெடுத்து மறு ஆண்டு தலைநகரைப் பிடித்தது. 1937 பிப்ரவரியில் இத்தாலிய ஆளுநர் கிராசியானியைக் கொல்ல நடந்த முயற்சிக்குப் பழிவாங்கும் முகத்தால் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். கற்ற இளைஞர்கள் தேடிப்பிடித்து அழிக்கப்பட்டனர். 1941இல் நாடு மீண்டு, பேரரசர் ஹைலே செலாசி திரும்பி வந்தபோது பள்ளி நடத்த ஆளில்லை. முன்னர்ச் சிறப்புற்றிருந்த பிரெஞ்சு மொழியின் இடத்தை ஆங்கிலம் பெற்றது. மேல்வகுப்புகளில் எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்திலேயே நடத்தப்பட வேண்டியதாயிற்று. கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் கூட ஆங்கில ஆசிரியராயினர். பாடத்தைக் கற்பிக்கு முன் மொழியைக் கற்பிக்க வேண்டியிருந்தமையின்.

இங்கிலாந்திலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆசிரியர் வந்தனர். ஆனால், தலைநகரை விட்டு மலைகளைத் தாண்டிச் சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் சென்று ஆண்டுக்கணக்கில் தங்கிக் கற்பிக்கப் பேரெண்ணிக்கையில் முன்வந்தவர் இந்தியர். கேரளத்தார் அவருள் மிகுதி. தமிழகத்தாரும் பிற மாநிலத்தாரும் உண்டு. கணவனும் மனைவியும் இருவருமே ஆசிரியராகச் சென்ற குடும்பங்கள் பல. 1956இல் பேரரசர் இந்தியாவிற்கு வருகை தந்தார். 1950களின் இறுதியில் ஹரார் நகரில் அமைந்த படைத்துறைக் கல்லூரியில் பயிற்சியளித்தவரும் இந்தியப் படை அதிகாரிகளே. மருத்துவரும் எழுத்தாளருமாக இன்று புகழ்பெற்றுள்ள ஆபிரகாம் வர்கீஸ், அடிஸ் அபாபாவில் 1955இல் இத்தகைய மலையாள ஆசிரியத் தம்பதியருக்குப் பிறந்தவர். அங்கே தொடங்கிய மருத்துவப் படிப்பு அரசியல் குழப்பத்தால் தடைப்பட, பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதை முடித்தார்.

அக்குழப்பம் 1974இல் வந்தது. செப்டம்பரில் பேரரசர் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். உயர் வகுப்பு மாணவரும் ஆசிரியரும் நாட்டுப்புறத் தொண்டுக்கு அனுப்பப்பட்டனர், வகுப்பறைகள் வெறிச்சோடின. இருபதாண்டுகள் ஓரிடத்தில் பணியாற்றிய இந்திய ஆசிரியர் பலர் பெட்டி படுக்கையுடன் வேறு நாடு தேட வேண்டியவராயினர். 

அவருள் சிலர்க்கு ஆப்பிரிக்காவின் பிற நாடுகள் கை கொடுத்தன. 1964இல் விடுதலை பெற்ற சாம்பியாவில் அவ்வேளை பட்டதாரிகள் ஏறத்தாழ நூற்றுவரே இருந்தனர் என்றால் ஆசிரியர்ப் பஞ்சத்தை அளந்துகொள்ளலாம். நைஜீரியா எண்ணெய் வளத்தால் செழித்து, 1976இல் அனைவர்க்கும் தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிற்று. உயர்நிலைப் பள்ளிகள் பெருகின. இந்திய ஆசிரியர் பலர் அங்கே அமர்ந்தனர். 1980களில் எண்ணெய் விலை வீழ்ந்தது. 1986இல் நைரா நாணயத்தின் மதிப்பும் சரிந்தது. அங்கே எண்ணிய ஊதியம் இங்கே வந்து சேரும்போது சுருங்கியது. நம் அண்டை நாடான பூட்டான் 1960களில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியபோது அங்கும் சென்றவர் இந்திய ஆசிரியரே. மாலத்தீவின் சிறு தீவுகளிலும் கேரள, தமிழக ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றனர்.

இந்நாடுகள் எதிலும் “உம் தாய்மொழி ஆங்கிலமா?” என்று நம் ஆசிரியரைக் கேட்டு மறுத்ததில்லை. பட்டம் உண்டா, பயிற்சி உண்டா, மாணவர்க்கு விளங்கக் கற்பிப்பாரா என்பனவே வினாக்களாயிருந்தன.

பிறப்பு ஒரு தகுதியானது எவ்வாறு?

அங்ஙனமாயின் “ஆங்கிலேயர்க்கே இடம்” என்னும் எண்ணம் எப்போது தோன்றிற்று? 1961இல் உகாண்டாவின் மக்கெரேரேயில் பொதுநல நாடுகளின் ஆங்கிலக் கற்பித்தல் மாநாடு நடைபெற்றது. அதன் அடியில் நின்ற கொள்கைகளை 1992இல் ராபர்ட் பிலிப்சன் என்னும் அறிஞர் ஆராய்ந்து, சிறந்த ஆங்கில ஆசிரியர் ஆங்கிலத்தைப் பிறவி மொழியாகக் கொண்டவரே என்பதும் அவற்றுள் ஒன்று எனச் சுட்டினார்; அஃது ஒரு மாயை எனவும் வாதிட்டார். எனினும் அம்மாயை அரசாணைகளில் ஏறிவிட்டது. 1987இல் ஜப்பான் தொடங்கிய ஆசிரியர் அழைப்புத் திட்டத்தின் முதலாண்டில் வந்த 848 பேரும் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாட்டினரே. பின்னர்ப் பிற நாடுகளுக்கும் அத்திட்டம் விரிந்தது. தென்கொரியா ஆங்கில ஆசிரியர்க்குரிய விசாவை ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு வரையறுத்தது: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய பொருளாதார உடன்பாடு, தகுதி பெற்ற இந்தியர் துணை ஆங்கில ஆசிரியராகச் செல்லச் சிறு வாயில் ஒன்றைத் திறந்தது.

இங்கே ஒரு முரண்பாடு நோக்கத்தக்கது. பெற்ற பயிற்சியைக் கேளாது பிறந்த நாட்டைக் கேட்கும் வழக்கம், கற்பித்தல் என்பதை ஒரு கலையாகவே மதிக்கவில்லை. பேசத் தெரிந்தவரெல்லாம் கற்பிக்க வல்லவரானால், தமிழ் பேசும் நாம் அனைவரும் தமிழாசிரியராகியிருக்க வேண்டும். ‘ஒருவன்’ ‘ஒருத்தி’ என்பதற்கும் ‘ஒரு’ ‘ஓர்’ என்பதற்கும் விதி கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்?

காசுமீரத்தில் பிறந்த பிராஜ் கச்ரு என்னும் மொழியியலறிஞர் 1980களில் உலக ஆங்கிலத்தை மூன்று வட்டங்களாக வகுத்துக் காட்டினார். உள்வட்டம் அதைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகள். வெளிவட்டம் இந்தியா, நைஜீரியா போன்று ஆட்சியிலும் கல்வியிலும் அதைக் கொண்ட நாடுகள். விரியும் வட்டம் அயல்மொழியாகக் கற்கும் ஜப்பான், சீனா போன்றவை. மூன்றாம் வட்டத்தார்க்கு இரண்டாம் வட்டத்தார் ஆசிரியராவதில் தவறென்ன என்னும் வினாவை அவர்தம் ஆய்வு எழுப்பியது. ஹங்கேரி நாட்டு ஆங்கில ஆசிரியரான பீட்டர் மெட்யெஷ் 1990களில் ஒன்று சொன்னார்: ஆங்கிலத்தை உழைத்துக் கற்ற ஆசிரியர், எங்கே இடறும் என்பதை முன்னரே அறிவார், மாணவர்க்கு அவரே கற்றவருக்கு ஒரு சான்று. இது நம் அனுபவத்திற்கும் ஒத்ததே. தமிழில் ‘பள்ளிக்குப் போகிறேன்’ என்போம். ‘க்கு’ என்னும் உருபு பெயரின் பின் வரும், வினை இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் வினை முன்னே வரும், ‘டு’ என்னும் சொல் பெயரின் முன்னே நிற்கும். ஜப்பானிய மொழியிலும் உருபு பின்னே, வினை இறுதியில். தமிழுக்கும் ஜப்பானியத்திற்கும் உறவுண்டு என்று சுசுமு ஓனோ கூறியதை மொழியியலார் பொதுவாக ஏற்கவில்லை, அது நிற்க. சொற்றொடரைத் தலைகீழாகத் திருப்பும் இடர்ப்பாடு தமிழ் மாணவர்க்கும் ஜப்பானிய மாணவர்க்கும் ஒன்றே. அவ்விடரைத் தாண்டிய தமிழாசிரியர் அதை அவர்க்கு எடுத்துரைக்க முடியும். இலண்டனில் பிறந்தவருக்கு அப்படியொரு இடர் இருப்பதே தெரியாது.

செல்வோர் அறிய வேண்டுவன

நடுவண் அரசு அலுவலகக் கோப்புகளிடையே காலங்கழிக்கும் நம் போன்றோர், வரலாற்றோடு சில நடைமுறைச் செய்திகளையும் சொல்வது கடமை. 

முதலாவது, சான்றிதழ்கள். பட்டத்தோடு கல்வியியல் பட்டமோ, ஆங்கிலம் கற்பித்தலுக்குரிய முறையான பயிற்சிச் சான்றோ இல்லாதவர்க்கு நல்ல பள்ளிகள் கதவு திறப்பதில்லை. வகுப்பறையில் நின்று கற்பித்துக் காட்டும் பயிற்சி இல்லாத அஞ்சல்வழிச் சான்றுக்கு மதிப்புக் குறைவு. பட்டச் சான்றிதழ் உரிய அதிகாரியிடமும் வெளியுறவு அமைச்சகத்திலும் மெய்ப்புப் பெற வேண்டும். 2005இல் இந்தியா ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த பின்னர், அதில் சேர்ந்துள்ள நாடுகளுக்கு ‘அப்போஸ்டில்’ என்னும் ஒரே முத்திரை போதுமானதாயிற்று. சேராத நாடுகளுக்கு அந்தந்தத் தூதரகச் சான்றும் வேண்டும்.

இரண்டாவது, முகவர். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், அரசிடம் பதிவு பெறாதவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதைத் தடை செய்தது. முகவரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பதில் கூச்சம் கூடாது. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவர் சொல்லை நம்பிப் பயணப்படுதல் ஆகாது. 

மூன்றாவது, ஒப்பந்தம். ஊதியம் எந்த நாணயத்தில், வீடு யார் பொறுப்பு, திரும்பும் பயணச்சீட்டு உண்டா, இடையில் பணி நீங்கினால் என்ன ஆகும் என்பன எழுத்தில் இருக்க வேண்டும். நைஜீரியாவில் நாணயம் சரிந்ததையும் எத்தியோப்பியாவில் ஆட்சி கவிழ்ந்ததையும் நினைவிற் கொள்க. ஒப்பந்த வேலையில் ஓய்வூதியம் இல்லை. ஐம்பது வயதில் திரும்பி வருபவர்க்கு இங்கே பணிமூப்பும் இல்லை. ஆதலின் முதல் திங்கள் ஊதியத்திலிருந்தே முதுமைக்கென ஒரு பங்கை ஒதுக்குதல் அறிவுடைமை.

வளைகுடா நாடுகளில் நம் மத்தியக் கல்வி வாரியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் இந்தியப் பள்ளிகள் பல உள்ளன. அங்கே நம் ஆங்கில ஆசிரியர்க்கு இயல்பாகவே இடமுண்டு. புதிதாகச் செல்வோர்க்கு அதுவே முதற்படியாகலாம்.

வீட்டு மொழி

இவ்வரலாற்றிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரைக்குப் பயனில்லை.

வேற்று மாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் ஓர் அச்சம் குடிகொண்டிருக்கிறது. குழந்தை வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் தடைப்படும். ஆங்கிலம் தடைப்பட்டால் வேலை கிடைக்காது. ஆகவே வீட்டிலும் ஆங்கிலமே பேசுவோம் என்பது அவ்வச்சத்தின் தருக்கம். தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், வீட்டிலும் அரைகுறை ஆங்கிலம் என வளரும் குழந்தை, பாட்டியோடு தொலைபேசியில் இரண்டு சொற்றொடர் பேசத் திணறுவதை நாம் காண்கிறோம். எந்த வேலைக்காக இந்த விலையைக் கொடுக்கிறோமோ, அந்த வேலைச் சந்தை இக்குழந்தையின் பிறப்பைப் பார்த்து “நீ ஆங்கிலேயன் அல்லன்” என்று சொல்லுமேயானால், ஆங்கிலமும் முழுதாய்ச் சொந்தமில்லை, தமிழும் இல்லை என்னும் நிலைக்கல்லவா அக்குழந்தை ஆளாகும்?

இக்கட்டுரையில் கண்டவர்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். சோசெகி சீனச் செவ்விலக்கியத்திலும் தம் தாய்மொழியிலும் தோய்ந்த பின்னரே ஆங்கிலம் கற்பித்தார். வெஸ்ட் ஆராய்ந்தது இருமொழியின் இயல்பை. சாஸ்திரியார் வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் வளர்ந்தவர். வீட்டு மொழி அவர்தம் ஆங்கிலத்தைக் கெடுக்கவில்லை. எத்தியோப்பிய மலைகளில் இருபதாண்டுகள் கற்பித்த நம் ஆசிரியர்கள் ஊர்ப்பள்ளியில் தாய்மொழியில் எழுத்தறிந்து, மேல்வகுப்பில் ஆங்கிலம் பயின்றவர்கள். ஒரு மொழியை வேரோடு அறிந்தவர்க்கே மற்றொரு மொழியின் வேர் எங்கே வேறுபடுகிறது என்று தெரிகிறது. அவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டுவதே ஆசிரியர் தொழில்.

ஆகவே, நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைச் செம்மையாகக் கற்கட்டும். கற்பிக்கும் கலையையும் முறையாகப் பயிலட்டும். டோக்கியோவிலோ லுசாக்காவிலோ மாலேயிலோ வேலை வாய்க்குமானால் தலைநிமிர்ந்து செல்லட்டும். “தாய்மொழி எது?” என்று அங்கே கேட்டால் “தமிழ்” என்று தயங்காமல் சொல்லட்டும், அது தகுதிக் குறைவன்று. அவ்வாறு சொல்வதற்கு அவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். அப்பொறுப்பு எந்த முகவருடையதும் அன்று, எந்தத் தூதரகத்தினுடையதும் அன்று. மாலை வேளையில் நம் வீட்டு முற்றத்தில் நிறைவேற வேண்டியது அது. வீட்டில் முடியாதவர்க்கு ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புகள் இருக்கின்றன.